உணவகத்தை மூடும் முன் ஒரு நோட்டுப் புத்தகம்

கேள்வி: நாங்கள் 16 பேர் சேர்ந்து நடத்தும் தொழிலாளர் கூட்டுறவு எங்களுடையது. முழுத்தானியம், பருப்பு, கொட்டை வகைகள், மாவு, எண்ணெய் விற்கும் இரண்டு சைவக் கடைகள் இருக்கின்றன. பெரிய கடையை ஒட்டியே ஒரு சைவ உணவகம். தொடங்கி 17 ஆண்டுகள் ஆகின்றன. எல்லோருக்கும் ஒரே மாதச் சம்பளம், ஆளுக்கு ஒரு வாக்கு. மூன்று ஆண்டுகளாகக் கடைகள் லாபம் காட்டுகின்றன, உணவகம் நட்டம் காட்டுகிறது. சமையலறைக்குப் போகும் சரக்கைக் கடை விலைக்கே பில் போட்டு முறையாகத்தான் எழுதுகிறோம். "நாம் சம்பாதிப்பதை அவர்கள் கரைக்கிறார்கள்" என்று கடைப் பக்கம் பேச்சு. "உங்களை விட அதிக நேரம் நிற்கிறோம், சம்பளம் மட்டும் ஒன்றா?" என்று சமையலறைப் பக்கம் கோபம். இதற்கிடையில் தொடக்க கால உறுப்பினர் ஒருவர் விலகுகிறார், மொத்தச் சொத்தில் 16-ல் ஒரு பங்கு கேட்கிறார். உறுப்பினர் ஆகாமல் கூலிக்கு வேலை செய்பவர்கள் 5 பேர், இரண்டு வருடத்துக்கும் மேலாக. ஒரு மேலாளரை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள் சிலர். அடுத்த பொதுக்குழுவில் உணவகத்தை மூடும் தீர்மானம் வருகிறது. நான் இந்த வருடச் செயலாளர், கடைப் பக்கத்து ஆள். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள செயலாளருக்கு,

முதல் வேலையாக, மூடும் தீர்மானத்தை மூன்று மாதம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். உணவகத்தின் மீது எனக்குத் தனிப் பாசம் எதுவும் கிடையாது. மூன்று மாதம் கழித்து மூடத்தான் வேண்டும் என்று கணக்கு சொன்னால் நானும் மூடச் சொல்வேன். ஆனால் இப்போது உங்கள் கையில் இருக்கும் கணக்கை வைத்து அது நட்டத்தில் ஓடுகிறதா, இல்லையா என்றே சொல்ல முடியாது. கூட்டுறவுகளின் கணக்கைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, உங்கள் கடிதத்தில் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரி: "கடை விலைக்கே பில் போட்டு முறையாகத்தான் எழுதுகிறோம்." நேர்மையாகத்தான் அப்படி வைத்திருக்கிறீர்கள். சண்டை அங்கேதான் விளைகிறது.

ஒரு மாதத்தில் சமையலறை எடுக்கும் பருப்பு, தானியம், எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கொள்முதல் விலையில் 100 என்று வைத்துக்கொள்வோம். கடை விலையில் அது 135. அந்த 135 உணவகத்தின் செலவாக ஏறுகிறது. கடையின் விற்பனையில் 135 ஏறுகிறது, லாபத்தில் 35 சேர்கிறது. அந்த 35-ஐக் கொடுத்த வாடிக்கையாளர் யார்? நீங்களேதான். வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டிருக்கிறீர்கள். அந்த மாதம் உணவகக் கணக்கில் 30 நட்டம் என்று வந்தால், உங்கள் கூட்டுறவுக்கு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நட்டமே கிடையாது. கடை லாபத்துக்குள் இருக்கும் 35-ல் ஒளிந்திருக்கிறது அந்த 30. கடைப் பக்கம் பெருமைப்படும் லாபத்தில் எத்தனை பங்கு சமையலறை கொடுத்தது என்று யாரும் இதுவரை பிரித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சரி, கொள்முதல் விலைக்கே கொடுத்துவிடலாமா என்றால், அதுவும் நியாயம் ஆகாது. சரக்கை வரவழைப்பது, மூட்டையை இறக்குவது, சலிப்பது, அளந்து கொடுப்பது எல்லாம் கடை ஆட்களின் உழைப்பு. கொள்முதல் விலையோடு அந்தக் கையாளும் செலவைச் சேர்த்து ஒரு விலை வையுங்கள். எத்தனை சதவீதம் என்பதை இரு பக்கத்து ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு வாரம் நேரத்தைக் குறித்து, முடிவு செய்யட்டும். நான் இங்கிருந்து ஒரு எண்ணைச் சொன்னால் அது என் எண்ணாகிவிடும், உங்களுடையதாக இருக்காது.

அப்புறம் பழைய சரக்கு. உங்கள் தொழிலில் இது பெரிய விஷயம். முழுத்தானிய மாவில் முளைப்பகுதி அப்படியே இருக்கும், அதிலுள்ள எண்ணெயால் தீட்டிய மாவை விடச் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். கொட்டை வகைகளும் அப்படித்தான். நாள் நெருங்கிய மூட்டையைக் கடை என்ன செய்கிறது? சமையலறைக்கு அனுப்புகிறது. என்ன விலைக்கு? முழு விலைக்கு. கடையில் கழிவாகப் போயிருக்க வேண்டியது உணவகத்தின் செலவாக மாறிவிடுகிறது.

முன்பு ஒரு கூட்டுறவில் இதை நேரில் பார்த்தேன். கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஊசலாடும் ஒரு கதவு. காலை எட்டு மணிக்கு ஒரு சமையல்காரர் பெரிய பாத்திரத்தோடு வந்தார், பயறு இருந்த டப்பாவைத் திறந்தார், கையளவு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது போன பருவத்துச் சரக்கு, ஒரு மணி நேரம் கூடுதலாக வேகும்" என்றார். பழைய பயறு மெதுவாகத்தான் வேகும், சில நேரம் மெத்தென்று ஆகவே ஆகாது. அந்தக் கூடுதல் எரிபொருளும் அந்த ஒரு மணி நேர உழைப்பும் உணவகக் கணக்கில்தான் விழும். முணுமுணுத்துக்கொண்டே பாத்திரத்தை நிரப்பிக்கொண்டு போனார். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, மாதக் கடைசியில் தோராயமாக ஒரு தொகையைப் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். அந்தக் கதவருகே ஒரு தராசும், நூலில் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டும் வைக்கச் சொன்னேன். தேதி, பொருள், எடை, புதுசா பழசா, எடுத்தவர் கையெழுத்து. ஐந்தே கட்டங்கள். இரண்டு வாரத்திலேயே பேச்சின் தொனி மாறியது. "நீங்கள் தின்கிறீர்கள், நாங்கள் சுமக்கிறோம்" என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், "இந்த வாரம் மாவு இவ்வளவு ஏன் பழசாகிறது, கொள்முதலைக் குறைக்கலாமா?" என்று பேச ஆரம்பித்தார்கள். நீங்கள் பில் போடுகிறீர்கள், ஒரு படி மேலேதான் இருக்கிறீர்கள். பில்லில் "பழசு" என்ற கட்டம் இல்லை, அவ்வளவுதான் குறை. அதைச் சேருங்கள், கதவருகே அதே மாதிரி ஒரு நோட்டும் வையுங்கள். நாள் நெருங்கிய சரக்குக்குக் குறைந்த விலை வையுங்கள், மிச்சத்தைக் கடையின் கழிவாக எழுதுங்கள்.

இப்போது கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், கடைப் பக்கத்து ஆளான உங்களை மட்டும் சங்கடப்படுத்துவது நியாயமில்லை. சமையலறையில் எழுதப்படாத உழைப்பு இருக்கிறது. கடை திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நறுக்க ஆரம்பிக்கிறார்கள், அடைத்த பிறகு தேய்த்துக் கழுவுகிறார்கள். மாதச் சம்பளம் என்பதால் அந்த மணிகள் எங்குமே ஏறவில்லை. ஏற்றிப் பார்த்தால் உணவகத்தின் நிலைமை உங்கள் கணக்கு காட்டுவதை விட மோசமாகக்கூட இருக்கலாம். உணவகத் தொழிலில் பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள்: விற்பனையில் மூலப்பொருளுக்கு மூன்றில் ஒரு பங்கு, உழைப்புக்கு மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் போனால் வாடகைக்கும் எரிபொருளுக்கும் மிஞ்சாது. சைவ முழுத்தானியச் சமையலில் பொருள் செலவு பெரும்பாலும் அடங்கிவிடும். ஊறவைப்பதும் உரிப்பதும் நறுக்குவதும்தான் மணிகளைத் தின்னும். ஆகவே இந்த மூன்று மாதமும் 16 பேரும், கூலிக்கு இருக்கும் 5 பேரும், வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதட்டும். கண்காணிப்பதற்காக எழுதச் சொல்லவில்லை, தங்கள் உழைப்பு எங்கே போகிறது என்று உரிமையாளர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

சம்பளச் சண்டைக்கும் விடை இந்த நேரக் குறிப்பில்தான் இருக்கிறது. "எல்லோருக்கும் ஒரே சம்பளம்" என்ற உங்கள் விதியை நான் மதிக்கிறேன். அமெரிக்காவின் பெர்க்லியில் சீஸ் போர்டு என்ற கடையை 1967-ல் தொடங்கிய தம்பதி, 1971-ல் அதைத் தங்கள் ஊழியர்களுக்கே விற்றுவிட்டு, அவர்களோடு சமமான உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள். அந்தக் கடை இன்றும் நடக்கிறது, பக்கத்திலேயே சைவ பீட்சா கடையும் நடத்துகிறார்கள். ஆனால் அங்கே சமம் என்பது மணிக்கு ஒரே கூலி. உங்களிடம் சமம் என்பது மாதத்துக்கு ஒரே கூலி. 45 மணி நேரம் நிற்பவருக்கும் 36 மணி நேரம் நிற்பவருக்கும் ஒரே தொகை கொடுத்தால், மணிக்கணக்கில் நீங்கள் சமமில்லாத சம்பளம்தான் கொடுக்கிறீர்கள். சமையலறைக்காரர்கள் கோபப்படுவது சமத்துவத்தின் மீதல்ல, அது கிடைக்காததன் மீது. மணிக்கு மாற்றுங்கள். கூடவே, கடை ஆட்கள் மாதத்தில் இரண்டு நாளாவது சமையலறையில் முழு நேரம் வேலை செய்யட்டும், சமையலறை ஆட்கள் கல்லாவில் உட்காரட்டும். அடுப்படியில் எட்டு மணி நேரம் நின்றவர் அதற்கப்புறம் பொதுக்குழுவில் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

மூன்று மாதம் ஆனதும், திருத்திய கணக்கிலும் உணவகம் நட்டம் என்றே வந்தால் என்ன செய்வது? அப்போது உங்கள் முன் நிற்கும் கேள்வி, எவ்வளவு தாங்குவது, எதுவரை தாங்குவது என்பது. உணவகம் கடைக்குச் செய்யும் உதவியும் இருக்கிறது. பெயரே தெரியாத ஒரு தானியத்தை மூட்டையில் பார்த்து யாரும் வாங்க மாட்டார்கள், தட்டில் சாப்பிட்டுப் பார்த்தால் கேட்டு வாங்குவார்கள். உணவகம் மூடியிருக்கும் நாட்களில் பெரிய கடையின் விற்பனை எவ்வளவு குறைகிறது என்று பழைய பில்களைப் புரட்டினாலே ஓரளவு தெரிந்துவிடும். அதற்காக ஒரு தொகையைத் தாங்கலாம் என்று பொதுக்குழு முடிவு செய்யலாம். ஆனால் தொகையையும் தேதியையும் எழுதி முடிவு செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956-ல் தொடங்கிய மோன்ட்ராகன், உலகின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டுறவுக் குழுமம், இந்த இடத்தில் அடிபட்டிருக்கிறது. லாபம் வரும் கூட்டுறவுகள் நட்டப்படும் கூட்டுறவைத் தாங்குவது அவர்களுடைய வழக்கம், அழகான வழக்கம். அவர்களின் முதல் கூட்டுறவிலிருந்து வளர்ந்ததுதான் ஃபாகோர் என்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம். ஸ்பெயினில் வீட்டு விற்பனை சரிந்த பிறகு அது மீளவில்லை. மற்றவர்கள் வருடக்கணக்கில் பணம் போட்டார்கள். 2013-ல் இனி முடியாது என்று கை விரித்தார்கள், நிறுவனம் வீழ்ந்தது. உறுப்பினர்கள் பலரை வேறு கூட்டுறவுகளில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், அது அவர்கள் கட்டிக் காத்த ஒற்றுமையின் பலன். ஆனால் உறுப்பினர்கள் அதில் போட்டு வைத்த மூலதனம் போனது. உங்கள் 16 பேருக்கும் இந்த இரண்டு பாடமும் பொருந்தும். மூடும் நிலை வந்தால், சமையலறை ஆட்களுக்குக் கடைகளில் இடம் உண்டு என்று முதலிலேயே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். வேலை போய்விடும் என்ற பயத்தோடு இருப்பவரிடம் உண்மைக் கணக்கை எதிர்பார்க்க முடியாது.

விலகும் உறுப்பினரின் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் துணைவிதியில், அதாவது உங்கள் கூட்டுறவு தனக்கென்று எழுதி வைத்த விதிகளில், என்ன இருக்கிறது, உங்கள் நாட்டுக் கூட்டுறவுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் கடைசி வார்த்தை. அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். துணைவிதி மௌனமாக இருந்தால் என் கருத்து இது: 16-ல் ஒரு பங்கு கொடுக்கக் கூடாது.

1995-ல் மான்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி ஏழு கோட்பாடுகளை வகுத்தது. அதில் மூன்றாவது, மூலதனத்தில் ஒரு பகுதியாவது கூட்டுறவின் பொதுச் சொத்தாக இருக்கும் என்கிறது. அந்தப் பொதுப் பகுதி இன்று இருக்கும் 16 பேருக்கு மட்டும் சொந்தமில்லை. முன்பு உழைத்துவிட்டுப் போனவர்களும், இனி வரப்போகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியா வெனீர் என்ற ஒட்டுப்பலகை ஆலை ஒரு சாட்சி. 1921-ல் தொழிலாளர்களே பணம் போட்டுத் தொடங்கினார்கள், நன்றாக வளர்ந்தது. வளர வளரப் பங்கின் விலையும் ஏறியது. புதிதாக வந்த தொழிலாளியால் அந்த விலை கொடுத்துப் பங்கு வாங்க முடியவில்லை, ஆகவே கூலிக்கு ஆள் வைத்தார்கள். கடைசியில் கூலியாட்களே பெரும்பான்மை ஆனார்கள், 1954-ல் மிச்சமிருந்த பங்குதாரர்கள் ஆலையை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள்.

விலகும் உறுப்பினர் கேட்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் சில வருடங்கள் அவர் அரைச் சம்பளத்துக்கு நின்றிருப்பார், மூட்டை தூக்கியிருப்பார், அந்த உழைப்புதான் இன்று கடையாக நிற்கிறது. அவர் போட்ட பங்குத்தொகை, அவர் பெயரில் ஒதுக்கிய உபரி ஏதாவது இருந்தால் அது, இரண்டையும் வட்டியோடு கணக்கிட்டுக் கொடுங்கள். கையில் பணம் இல்லாவிட்டால் தவணையாக எழுதிக் கொடுங்கள், நடைமுறை மூலதனத்தைக் காலி செய்துவிடாதீர்கள். அதற்கு மேல் நன்றியாக ஒரு தொகை கொடுக்கப் பொதுக்குழுவும் சட்டமும் இடம் கொடுத்தால் கொடுங்கள், அதற்குப் "பங்கு" என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். மோன்ட்ராகனில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனி மூலதனக் கணக்கு உண்டு. வருட உபரியில் ஒரு பகுதி பொது இருப்புக்கும், ஒரு பகுதி அந்தத் தனிக் கணக்குக்கும் போகும், விலகும்போது அந்தக் கணக்கில் இருப்பது கிடைக்கும். நீங்களும் இந்த வருடமே அப்படி ஒன்றைத் தொடங்குங்கள். 17 ஆண்டுகளாக இது இல்லாததால்தான் அவர் மொத்தத்தையும் வகுத்துக் கேட்கிறார். அவர் உழைப்புக்கு அவர் பெயரில் வேறு எந்த எண்ணும் உங்கள் புத்தகத்தில் இல்லை.

மேலாளர் வேண்டுமா என்றால், கணக்கு சரியாகும் முன் வேண்டாம். வைப்பதில் தவறில்லை. மோன்ட்ராகனிலும் மேலாளர் உண்டு, உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழு அவரை நியமிக்கும், அவர் அந்தக் குழுவுக்குப் பதில் சொல்வார். சான் பிரான்சிஸ்கோவில் 1975-லிருந்து நடக்கும் ரெயின்போ குரோசரி என்ற சைவக் கடையில் அப்படி இல்லாமல் ஒவ்வொரு பிரிவும் தன் கொள்முதலையும் ஆட்களையும் தானே முடிவு செய்கிறது. இரண்டு வழியும் நடக்கும். உங்கள் சரக்குப் பில்லில் இருக்கும் குழப்பத்தோடு ஒரு மேலாளர் வந்தால், முதல் மாதமே அந்தப் பொய் நட்டத்தைப் பார்த்து உணவகத்தை மூடச் சொல்வார்.

கூலிக்கு இருக்கும் அந்த 5 பேரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் மிகவும் கவலை தந்தது. 1844-ல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேரோடு கூட்டுறவுக் கடையைத் தொடங்கிய ரோச்டேல் முன்னோடிகளைக் கூட்டுறவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் 1854-ல் ஒரு பருத்தி ஆலையும் தொடங்கினார்கள், லாபத்தில் ஒரு பகுதி அங்கே உழைப்பவர்களுக்கு என்பது ஏற்பாடு. ஆலை வளர்ந்தது, அங்கே வேலை செய்யாமல் பணம் மட்டும் போட்டவர்கள் பெருகினார்கள், 1862-ல் அவர்களே வாக்களித்துத் தொழிலாளர் பங்கை நிறுத்தினார்கள். கூட்டுறவை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் ஆலையிலேயே எட்டு வருடத்தில் இது நடந்தது. உங்களிடம் 21 பேரில் 5 பேர் இரண்டு வருடமாக வாக்கில்லாமல் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் 16 பேரும் முதலாளிகள். அந்த 5 பேரில் எத்தனை பேர் சமையலறையில் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலோர் அங்கேதான் இருப்பார்கள் என்று என் அனுபவம் சொல்கிறது. அப்படியானால், உணவகத்தை மூடினால் அதிகம் இழக்கப்போகிறவர்களுக்கு அந்தத் தீர்மானத்தில் வாக்கே இல்லை.

துணைவிதியில் ஒரு கால வரம்பு எழுதுங்கள்: ஆறு மாதமோ ஒரு வருடமோ வேலை செய்த பிறகு உறுப்பினராகச் சேர அழைப்பு, அல்லது ஏன் இல்லை என்று எழுத்தில் ஒரு காரணம். பங்குத்தொகையை மொத்தமாகக் கட்டச் சொல்லாதீர்கள், சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளுங்கள். யாராவது உறுப்பினராக விரும்பாமல் கூலிக்கே இருக்க விரும்பினால் இருக்கட்டும், ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும்.

நான் மேலே சொன்ன ஏழு கோட்பாடுகளில் ஐந்தாவது கல்வி, பயிற்சி, தகவல். பலரும் இதைச் சுவரில் மாட்டும் வாசகமாக விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு அதன் பொருள் மிக எளிது: 21 பேருக்கும் அந்த லாப நட்டக் கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும். மாதத்தில் ஒரு நாள், கடை அடைத்த பிறகு ஒரு மணி நேரம். ஒரு பெரிய தாளில் சரக்குப் பரிமாற்றத்தை மட்டும் எழுதி மாட்டுங்கள். அதைப் படித்துச் சொல்லும் வேலையைக் கணக்கு எழுதுபவரிடம் கொடுக்காதீர்கள், ஒவ்வொரு மாதமும் ஒரு சமையலறை ஆளும் ஒரு கடை ஆளும் சேர்ந்து படித்துச் சொல்லட்டும். முதல் மாதம் தடுமாறுவார்கள். மூன்றாவது மாதம், விலை எப்படிப் போடப்பட்டது என்று எதிர்க்கேள்வி வரும்.

அந்தக் கூட்டங்களுக்கு அந்த 5 பேரையும் அழையுங்கள். இப்போதைக்கு வாக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களும் தாளைப் பார்க்கட்டும். கதவருகே வைக்கும் நோட்டில் முதல் வரியை எழுதப்போவது அநேகமாக அவர்களில் ஒருவர்தான். மூன்று மாதக் கணக்கு கைக்கு வந்ததும், பழைய கடை விலையிலும் நீங்கள் வைக்கும் புது விலையிலும் போட்டு, எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.